சாண்டோரினியில் 4 இரவு: ஈயாவா, ஃபிராவா, காமாரியா? (அம்மாவுக்கு முட்டிவலி, பையனுக்கு 6 வயது)

#1 · பயணப்பை

செப்டம்பர் நடுவில் நாலு இரவு சாண்டோரினி. நான், மனைவி, அம்மா (64 வயது, முட்டித் தேய்மானம், படி ஏறுவதைவிட இறங்கத்தான் சிரமம்), 6 வயதுப் பையன். சென்னையிலிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து கப்பல். மனைவிக்கு எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த பால்கனி வேண்டும். பையனுக்குக் கடலில் குதிக்க வேண்டும். அம்மா சுத்த சைவம். ஈயாவில் ஓர் அறை பார்த்தேன். படம் அபாரம், விலை தலையைச் சுற்றுகிறது. ஃபிரா போதுமா? இல்லை, காமாரி மாதிரி கடற்கரை ஊரில் தங்கி மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? கார் எடுக்கும் எண்ணம் இல்லை.

#2 · உப்புக்காற்று

ஊர்ப் பெயருக்கு முன்னால் தீவின் அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சாண்டோரினி பிறை வடிவம். பிறையின் உள்பக்கம், அதாவது மேற்கு, எரிமலை வெடித்து உள்ளே சரிந்த கால்டெரா. அங்கே செங்குத்துப் பாறை, சில இடங்களில் 300 மீட்டர் வரை. வெளிப்பக்கம், கிழக்கும் தெற்கும், மெதுவாகச் சரிந்து கறுப்பு மணலில் முடியும். ஆகவே கால்டெரா பால்கனியும் மணல் கடற்கரையும் ஒரே ஊரில் கிடைக்கவே கிடைக்காது. எவ்வளவு காசு கொடுத்தாலும் இதுதான்.

விளிம்பு ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காக: ஈயா, இமேரோவிக்லி, ஃபிரோஸ்டெஃபானி, ஃபிரா. கடைசி மூன்றும் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டியவை. ஃபிராவிலிருந்து ஃபிரோஸ்டெஃபானிக்கு நடந்தால் கால் மணி நேரம் கூட ஆகாது. ஈயா மட்டும் தனியாக, ஃபிராவிலிருந்து சாலை வழி சுமார் 11 கிலோமீட்டர். கடற்கரை ஊர்கள்: மோனோலிதோஸ், காமாரி, பெரிஸ்ஸா, பெரிவோலோஸ். உள்நாட்டில் பிர்கோஸ், கர்தெராதோஸ், மெகாலோகோரி.

கார் இல்லை என்றீர்கள். அப்படியானால் பஸ்தான் உங்கள் ஊரைத் தீர்மானிக்கும். தீவின் பொதுப் பஸ்ஸான கேடெல் எல்லாமே ஃபிரா நிலையத்தில்தான் சேர்ந்து பிரியும். காமாரியிலிருந்து ஈயாவுக்கு நேர் பஸ் கிடையாது. ஃபிராவில் இறங்கி மாற வேண்டும். கட்டணம் பஸ்ஸுக்குள் நடத்துநரிடம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். டாக்சி தீவு முழுக்கவே கொஞ்சம்தான். ஆக ஃபிராவில் இருப்பவருக்கு எங்கே போனாலும் ஒரு பஸ், மற்ற எல்லோருக்கும் இரண்டு.

வரைபடத்தைப் பார்த்துப் பலர் மாட்டும் இடம் ஒன்று. காமாரியும் பெரிஸ்ஸாவும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் மேசா வூனோ மலை நிற்கிறது, பண்டைத் தீராவின் இடிபாடுகள் அதன் உச்சியில். சாலை வழியே போனால் மேலே ஏறி மலையைச் சுற்றித்தான் வர வேண்டும்; பஸ் என்றால் ஃபிரா வழி. கோடையில் படகு ஓடும், கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுவிடும். "காமாரியில் தங்கி பெரிஸ்ஸாவில் குளிக்கலாம்" என்று திட்டம் போடாதீர்கள்.

#3 · மேல்தளம்

அம்மாவின் முட்டியை வைத்துத்தான் முதல் வடிகட்டு. கால்டெரா விளிம்பில் விடுதிகள் சாலையின் பக்கத்தில் இல்லை, சாலைக்குக் *கீழே* இருக்கின்றன. பாறையில் அடுக்கடுக்காக இறங்கும். மேல் அடுக்கில் வரவேற்பறை, நடுவில் காலைச் சாப்பாட்டு மேடை, உங்கள் அறை அதற்கும் கீழே. எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவு தடையில்லாத காட்சி, அவ்வளவு விலை, அவ்வளவு படி. அந்தப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. பழைய கல், சில 12 செ.மீ., சில 22 செ.மீ. இருக்கும், பல இடத்தில் கைப்பிடி கிடையாது, சுண்ணாம்பு பூசிய விளிம்பு தேய்ந்து வழுக்கும். இறங்கத்தான் சிரமம் என்கிற ஒருவருக்கு இதைவிட மோசமான அமைப்பு இருக்க முடியாது.

ஈயாவில் இன்னொரு கஷ்டம்: ஊரின் முதுகெலும்பே சலவைக்கல் பாவிய நடைபாதை. வண்டி வராது. பஸ்ஸும் டாக்சியும் ஊருக்குப் பின்னால் நிறுத்திவிடும். அங்கிருந்து விடுதி வாசல் வரை நடை, வாசலிலிருந்து அறை வரை படி. பெட்டி தூக்க விடுதியே ஆள் அனுப்பும், அது பிரச்சினை இல்லை. ஆனால் அம்மாவை யாரும் தூக்கி வர மாட்டார்கள். கால்டெரா அறையே வேண்டும் என்றால் ஃபிரோஸ்டெஃபானியில் மேல் அடுக்கு பாருங்கள். அங்கே சாலை விளிம்புக்கு நெருங்கி வருகிறது, நடைபாதையும் ஓரளவு சமம். காட்சி ஈயாவுக்குச் சளைத்ததில்லை. எரிமலைத் தீவு நேயா கமேனி அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

#4 · கறுப்புமணல்

நான் இதற்கு நேர் எதிர். விளிம்பில் தங்கவே வேண்டாம். ஃபிராவிலிருந்து இமேரோவிக்லி வரை விளிம்போரமாக ஓடுவது பொதுப் பாதை, காசு கிடையாது. அதே காட்சிதான். ஒரு நாள் மாலை, ஒரு நாள் காலை போனால் கண் நிறைந்துவிடும். மிச்ச நேரம் முழுக்கக் குழந்தைக்குக் கடல் வேண்டும், பெரியவருக்குச் சமதரை வேண்டும். இரண்டும் காமாரியில் இருக்கிறது: கடலோர நடைபாதை தட்டையாகவே போகும், உணவகங்கள் வரிசையாக, மருந்துக்கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் நடக்கும் தூரம். விளிம்பில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே சமையல்மேடையுடன் கூடிய ஸ்டூடியோ இரண்டு எடுக்கலாம்.

கடற்கரைகளும் ஒன்றுபோல் இல்லை. காமாரி: கறுப்புக் கூழாங்கல் கலந்த மணல், நாலைந்து அடி வைத்தாலே ஆழம். பையன் நீந்தத் தெரியாதவன் என்றால் கை விடக்கூடாது. பெரிஸ்ஸா, பெரிவோலோஸ்: மணல் நயம், நீளம் அதிகம், ஆனால் தண்ணீர் தொடும் இடத்தில் ஆங்காங்கே தட்டைப் பாறை பாசி பிடித்து வழுக்கும், இறங்குமுன் தண்ணீருக்குள் எங்கே வெளிர் மணல், எங்கே கறுத்த பாறை என்று பார்த்து இறங்குங்கள். மோனோலிதோஸ்: ஆழமே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி, ஆனால் கடைகண்ணி குறைவு, வடகாற்று அடித்தால் மணல் வாயில். எல்லாவற்றுக்கும் பொது: கறுப்பு மணல் மதியம் சுடும். ரப்பர் செருப்பு போதாது, தண்ணீருக்குள்ளும் போட்டுக்கொள்ளும் காலணி நாலு பேருக்கும் வாங்குங்கள்.

காமாரியில் ஒரு குறை. ஊரின் வடக்கு முனை விமான ஓடுதளத்துக்கு நெருக்கம். அறை தெற்குப் பாதியில் எடுங்கள்.

#5 · யாழ்_பாரிஸ்

அண்ணை, சின்னப் பிள்ளையோட போறவை ஒண்டைக் கவனிக்கவேணும். விளிம்பில இருக்கிற கனக்க ஹோட்டலில சின்னப் பிள்ளையளை எடுக்கமாட்டினம். சிலதில 12 வயசு, சிலதில 16 எண்டு வைச்சிருக்கினம். காரணம் சும்மா இல்லை. மொட்டைமாடி விளிம்பில சுவர் முழங்கால் உயரம், அங்கால பள்ளம். முன்பதிவுத் தளத்தில பிள்ளையின்ரை வயசைப் போட்டுத்தான் தேடுங்கோ. "ரெண்டு பெரியவர்" எண்டு தேடிப்போட்டுப் பிறகு பிள்ளையோட போய் நிண்டா அறை இல்லையெண்டு சொல்லிப்போடுவினம், காசும் திரும்பாது. கட்டில் எண்ணிக்கைக்கு மேல ஆள் வைக்கிறதுக்கும் அங்கை விடமாட்டினம், ஆறு வயசும் ஒரு ஆள்தான்.

ரெண்டு இரவு மேலை, ரெண்டு இரவு கீழை எண்டு பிரிக்கச் சொல்லி ஆரும் சொல்லுவினம். நாலு இரவுக்கு அது சரிவராது. 11 மணிக்கு அறையை விடவேணும், மற்ற அறை 3 மணிக்குத்தான். நடுவில நாலு மணித்தியாலம் பெட்டியோட, அம்மாவோட, வெயிலில.

#6 · மேல்தளம்

யாழ் சொன்னது நியாயம்தான், ஆனாலும் விடுதிகள் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்ளும், அந்த நாலு மணி நேரம் அவ்வளவு பயங்கரம் இல்லை. ஆறேழு இரவு என்றால் பிரிப்பதுதான் சரி: முதலில் கடற்கரை, கடைசியில் விளிம்பு. நாலுக்கு நானும் ஒரே இடம்தான் சொல்வேன்.

கறுப்புமணலோடு ஒரு சண்டை. பொதுப் பாதையில் நடந்து பார்ப்பதும் இரவு அங்கேயே இருப்பதும் ஒன்றல்ல. உல்லாசக் கப்பல் கூட்டம் காலை பத்து மணிவாக்கில் ஏறி மாலை நாலு வரை ஃபிராவை நிறைத்துவிடும். 2025 முதல் கப்பல் பயணிகளை நாளொன்றுக்கு 8,000 என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், அப்படியும் கீழே படகுத்துறையிலிருந்து ஃபிராவுக்கு ஏற்றிவரும் கேபிள் கார் வரிசை நீளம்தான். காலை எட்டுக்கு முன்னாலும் இரவு ஒன்பதுக்குப் பிறகும் விளிம்பு வேறு ஊர். காமாரியிலிருந்து பஸ் பிடித்து வருபவருக்கு அந்த நேரம் வாய்ப்பது சிரமம்.

#7 · பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். சூரிய அஸ்தமனம் ஈயாவில்தான் தெரியும் என்கிறார்களே? "கடல் பார்வை" என்று போட்டு ஃபிராவில் பாதி விலைக்கு அறை கிடைக்கிறதே, எடுக்கலாமா? அறைக்குள்ளேயே சின்னக் குளம் உள்ள அறை பையனுக்கு உதவுமா?

#8 · உப்புக்காற்று

அஸ்தமனம்: இந்த அட்சரேகையில் ஜூன் கடைசியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 30 பாகை வடக்கே தள்ளி மறையும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஈயாவின் கால்டெரா விடுதிகள் பல தெற்குப் பார்த்தவை. அதனால் ஜூன், ஜூலையில் அந்த அறைகளிலிருந்து சூரியன் மறைவது தெரியாது, ஊரின் மேட்டுக்குப் பின்னால் போய்விடும். அறைக்குப் பெருந்தொகை கொடுத்தவர்களும் கோட்டை இடிபாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது இதனால்தான். நீங்கள் போகும் செப்டம்பர் நடுவில் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கே இறங்கும். ஃபிரா, ஃபிரோஸ்டெஃபானி பால்கனியிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் திராசியா தீவின் முதுகில் இறங்குவது தெரியும். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஈயாவுக்கு அஸ்தமனத்துக்கென்று போனால் திரும்பும் பஸ்ஸுக்கு அடிதடி. போவதென்றால் காலை எட்டு மணிக்குப் போங்கள்.

"கடல் பார்வை": கவனம். தீவில் நாலு பக்கமும் கடல். ஃபிராவின் கிழக்குச் சரிவிலும் கர்தெராதோஸிலும் தெரிவது ஏஜியன் கடலும் விமான நிலையமும். அதுவும் கடல் பார்வைதான், பொய் சொல்லவில்லை. "கால்டெரா பார்வை" என்று எழுதியிருந்தால்தான் மேற்கு. அதிலும் "பகுதிப் பார்வை", "பொது மொட்டைமாடியிலிருந்து பார்வை" என்று பொடி எழுத்தில் இருக்கும். விமர்சனப் படங்களில் அதே அறை எண்ணைத் தேடுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. விளிம்பு மேற்குப் பார்த்தது என்பதால் காலையில் மொட்டைமாடி நிழலில் இருக்கும், மதியத்துக்கு மேல் முகத்தில் அடிக்கும். ஏப்ரலில் போகிறவருக்குக் காலைச் சாப்பாடு குளிரும். செப்டம்பரில் மதியத்துக்கு மேல் குடை இல்லாத மாடி பயன்படாது. படத்தில் குடையோ பந்தலோ இருக்கிறதா பாருங்கள்.

#9 · மேல்தளம்

குளம்: "சூடேற்றப்பட்டது" என்று எழுதாத வரை குளிர்ந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவும் ஏமாற்றும், அகலக்கோணக் கேமராவில் எடுத்தது. 2 மீட்டருக்கு 3 மீட்டர்தான் இருக்கும், நீந்த முடியாது, உட்காரலாம். செப்டம்பரில் கடல் தண்ணீர் 24 பாகை அளவில் இருக்கும், நிழலில் கிடக்கும் அந்தக் குளத்தைவிடக் கடலே இதம். மேலும் அந்த மாடிகளுக்கு மேலே உள்ள பாதையில் போகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள், படமும் எடுப்பார்கள்.

குகை அறை பற்றியும் கேட்காமலே சொல்கிறேன். எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து, வளைவுக் கூரை போட்ட அறைகள். வெளியே 32 பாகை இருக்கும்போது உள்ளே குளுகுளு என்றிருக்கும். ஆனால் ஜன்னல் முன்பக்கம் மட்டும். பின்னறையும் குளியலறையும் பாறைக்குள். காற்றோட்டம் இல்லையென்றால் துணி காயாது, சுவரில் பூஞ்சை வாடை வரும். விமர்சனங்களில் "ஈரம்", "வாடை" என்ற சொற்களைத் தேடுங்கள். ஈரம் உறிஞ்சும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

#10 · இலைச்சாப்பாடு

சைவத்துக்கு: சமையல்மேடை உள்ள ஸ்டூடியோ எடுங்கள், மீதி தானாக நடக்கும். சமையல்மேடை என்றால் பெரும்பாலும் இரண்டு தட்டு மின்அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, ஒரு பாத்திரம், ஒரு வாணலி. பெரிய குக்கர் வைக்குமளவு அந்தத் தட்டு அகலம் இருக்காது. மூன்று லிட்டருக்குமேல் கொண்டு போகாதீர்கள், அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். அடுப்பு மெதுவாகத்தான் சூடேறும், அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும், பால் வைத்துவிட்டு நகராதீர்கள். மின்செருகி ஐரோப்பிய இரண்டு முள், 230 வோல்ட், நம் சாதனம் அப்படியே ஓடும், மாற்றி மட்டும் வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க உகந்ததில்லை, பெரிய குப்பி வாங்குங்கள்.

வெளியே சாப்பிட தீவின் சொந்தச் சரக்கே அம்மாவுக்குப் பிடிக்கும்: ஃபாவா என்கிற மஞ்சள் பருப்பு மசியல், தக்காளி வடை மாதிரியான தொமாதோகெஃப்தேதெஸ், வெள்ளைக் கத்தரிக்காய். நோன்புக்குரியது வேண்டும் என்பதற்கு "நிஸ்திசிமோ" என்று சொன்னால் இறைச்சி, பால், முட்டை இல்லாததைக் காட்டுவார்கள். கணவாய், இறால் அந்தக் கணக்கில் நோன்புக்கு ஆகும், அதை மட்டும் தனியாகச் சொல்லி விலக்குங்கள்.

#11 · பயணப்பை

இரண்டாகச் சுருங்கிவிட்டது. ஃபிரோஸ்டெஃபானியில் மேல் அடுக்கில் நாலு பேருக்கான அறை, இல்லையென்றால் காமாரியில் தரைத்தளத்தில் இரண்டு ஸ்டூடியோ. முன்பதிவில் வேறென்ன மாட்டும்? 2025 நிலநடுக்கத்தைப் பற்றி மனைவி கவலைப்படுகிறார்.

#12 · ஏதென்ஸ்வாசி

2025 ஜனவரி கடைசியில் தொடங்கி ஆயிரக்கணக்கான சிறு அதிர்வுகள், பெரியது பிப்ரவரி 10 அன்று 5.3. அவசரநிலை அறிவித்து, பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் தீவை விட்டு வெளியேறினார்கள். பிறகு அடங்கிவிட்டது, கோடைப் பருவம் வழக்கம்போல் நடந்தது. தங்கும் இடத்துக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்றே: செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே நேரம் கழிக்காதீர்கள். சிவப்புக் கடற்கரையில் கல் சரிவு எச்சரிக்கைப் பலகை நிலநடுக்கத்துக்கு முன்பே நிற்கிறது. பையனை அங்கே கூட்டிப் போக வேண்டாம்.

பணக் கணக்கு. தளத்தில் காட்டும் விலைக்கு மேல் பருவநிலை வரி உண்டு, விடுதியில் தனியாக வாங்குவார்கள். 2025 முதல் ஏப்ரல்–அக்டோபர் மாதங்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு: மூன்று நட்சத்திரம் 5 யூரோ, நாலு நட்சத்திரம் 10, ஐந்து நட்சத்திரம் 15, குறுகியகால வாடகை வீடு 8. ஆளுக்கு இல்லை, *அறைக்கு*. அதனால் காமாரியில் இரண்டு ஸ்டூடியோ எடுத்தால் வரியும் இரண்டு மடங்கு, அதைச் சேர்த்து ஒப்பிடுங்கள். வாடகை வீடு என்றால் விளம்பரத்தில் ஏஎம்ஏ என்ற பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதீர்கள்.

விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள். விசா வரும் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடியதை மட்டும் போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி. ரத்து செய்யும் கடைசி நேரம் கிரேக்க நேரப்படி என்பதையும் கவனியுங்கள்.

#13 · மேல்தளம்

ஃபிரோஸ்டெஃபானி விடுதிக்கு இப்படி எழுதிக் கேளுங்கள், சுற்றி வளைக்காமல் எண்ணிக்கையாகக் கேட்டால்தான் எண்ணிக்கையாகப் பதில் வரும்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை மீட்டர், எத்தனை படி? வரவேற்பறையிலிருந்து *இந்த* அறை எண்ணுக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா? காலைச் சாப்பாடு அறைக்கே வருமா? அறைக்குள்ளே கட்டிலுக்கு ஏறும் மேடை இருக்கிறதா? (குகை அறைகளில் குழந்தைக் கட்டில் பெரும்பாலும் ஏணி வைத்த பரணில்தான்.) மாடிச் சுவரின் உயரம் என்ன? குளியலறையில் தொட்டியைத் தாண்டி இறங்க வேண்டுமா? "கொஞ்சம் படிதான்" என்று பதில் வந்தால் அந்த விடுதியை விட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் என்பது நாற்பது.

#14 · பயணப்பை

எழுதிக் கேட்டேன். சாலையிலிருந்து 9 படி, கைப்பிடி உண்டு, மாடிச் சுவர் 110 செ.மீ. என்று பதில். காமாரியை விட்டுவிட்டு இதைப் போட்டுவிடப் போகிறேன். கடலுக்கு பஸ்ஸில் போய் வருவோம்.

#15 · கறுப்புமணல்

9 படி என்றால் நானும் எதிர்க்கவில்லை. ஃபிரோஸ்டெஃபானியிலிருந்து ஃபிரா பஸ் நிலையம் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அம்மா திரும்பும்போது ஈயா போகும் பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கிக்கொள்ளட்டும், நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். கடலுக்குக் காலையிலேயே போய்விட்டு இரண்டு மணிக்குள் திரும்பினால் மணல் சூட்டிலிருந்தும் தப்பலாம்.

#16 · ஏதென்ஸ்வாசி

கடைசியாகக் கப்பல். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து காலையில் கிளம்பும் பெரிய கப்பல் ஏழரை எட்டு மணி நேரம் எடுத்துப் பிற்பகலில் சேரும். அறை கிடைக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். வேகக் கப்பல் ஐந்து மணி நேரம்தான், ஆனால் அலையில் குலுக்கும், காற்று வலுத்தால் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். இறங்கும் அதினியோஸ் துறைமுகம் பாறையின் அடியில், மேலே ஏற வளைவு வளைவான ஒற்றைச் சாலை. இரண்டு கப்பல் சேர்ந்து வந்தால் பஸ்ஸில் இடம் பிடிக்கவே அரைமணி. விடுதிக்குக் கப்பல் பெயரையும் சேரும் நேரத்தையும் எழுதி வண்டி சொல்லிவிடுங்கள். திரும்பும்போது கப்பலும் சென்னை விமானமும் ஒரே நாளில் வேண்டாம். காற்றோ வேலைநிறுத்தமோ வந்தால் கப்பல் டிக்கெட் பணம் திரும்பும், விமான டிக்கெட் திரும்பாது. நாலாவது இரவை ஏதென்ஸுக்கு மாற்றிவிட்டு தீவில் மூன்று இரவு வைத்தாலும் தவறில்லை.